உருண்டைக் கற்களுக்குள் பத்து லட்சம் ஆண்டுகள்: கொரால் பிளஃப்ஸ் புதைபடிவத் தளம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குக் கிழக்கே கொரால் பிளஃப்ஸ் என்றொரு வறண்ட அரிப்பு நிலம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அங்கே தேடும் முறை மாறியதும், அதனால் டைனோசர்களுக்குப் பிந்தைய முதல் பத்து லட்சம் ஆண்டுகளைப் பற்றிய அறிவு மாறியதும் இங்கே வரிசையாகப் பதிவு செய்யப்படுகின்றன. இதில் ஈடுபட்டவர்களின் பெயர்கள் பொதுப் பதிவில் உள்ளவையே. ஆனால், இந்த ஆய்வுக்கு அவர்கள் செய்த வேலைதான் முக்கியம் என்பதால் ஒவ்வொருவரும் தத்தம் பணியால் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி

இன்றைக்கு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகாட்டன் கரையோரம், சிக்சுலுப் என்னும் இடத்தில் விண்கல் ஒன்று மோதியது. பறவைகளாக மாறிவிட்ட கிளையைத் தவிர மற்ற டைனோசர்கள் எல்லாம் ஒழிந்தன. உயிரினங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மறைந்தது. அந்த எல்லையில் தொடங்கி 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நீண்ட காலத்துக்குப் பேலியோசீன் என்று பெயர். 1874இல் ஷிம்பர் என்ற தாவர எச்ச ஆய்வாளர் பாரிஸ் வடிநிலத்தின் தாவரப் புதைபடிவங்களை ஆதாரமாகக் கொண்டு இப்பெயரை முன்வைத்தார். பாலூட்டிகளின் காலம் என்று பள்ளிப் புத்தகங்களில் தொடங்குகிற கதைக்குத் தாவரங்களை வைத்துத்தான் முதலில் பெயர் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இந்த நிகழ்விலும் பாதி விடை தாவரங்களிடமிருந்தே கிடைத்தது.

அழிவு எப்படி நேர்ந்தது என்பதைப் பற்றி 1980இல், விண்கற்களில் மிகுந்திருக்கும் இரிடியம் என்ற உலோகம் அந்த எல்லையில் படலமாகப் படிந்திருப்பது பற்றிய ஆய்வு வெளிவந்தது முதல் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அழிவுக்கு அடுத்து வந்த பத்து லட்சம் ஆண்டுகளோ பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தன. காரணம் எச்சங்களின் தன்மை. எலி அளவுள்ள ஒரு விலங்கு இறந்து வெள்ளச் சமவெளியில் கிடந்தால் அதன் எலும்புகள் சிதறி, மிதிபட்டு, வேர்களால் துளைக்கப்பட்டுத் தூளாகிவிடும். பல்லின் எனாமல் மட்டும் தப்பும். ஆகவே அந்தக் காலத்துப் பாலூட்டிகளைப் பற்றிய அறிவு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பற்களையும் தாடைத் துண்டுகளையும் நம்பியே வளர்ந்தது. 1880களில் நியூ மெக்சிகோவின் சான் ஹுவான் வடிநிலத்திலிருந்து கோப் என்ற ஆய்வாளருக்கு வந்துசேர்ந்த தொகுப்புகளிலும் பற்களும் தாடைகளுமே மிகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வயோமிங்கில் டைனோசர்காலப் பாலூட்டிகளைத் தேடிய ஹேட்சர், எறும்புப் புற்றுகளைத் தேடிப் போனதாகப் பதிவு உண்டு. புற்றின் மேல் மூடாக்காக எறும்புகள் சுமந்துவந்து குவிக்கும் சிறு கற்களோடு பாலூட்டிப் பற்களும் இருக்கும். மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, நீரில் அலசி, சல்லடையில் தங்குவதை நுண்ணோக்கியின் கீழ் பொறுக்கும் முறை பிற்காலத்தில் வந்தது. இரண்டிலும் கிடைப்பது பல்தான். பல்லைக் கொண்டு உணவை ஊகிக்கலாம், எடையை ஓரளவு கணக்கிடலாம்; மண்டையோட்டின் வடிவம், மூளையின் அளவு, காதின் அமைப்பு ஆகியவற்றை அது சொல்லாது.

நிலமும் முதல் பருவங்களும்

கொரால் பிளஃப்ஸ் டென்வர் வடிநிலத்தின் ஒரு பகுதி. மேற்கே ராக்கி மலைத்தொடர் உயர்ந்துகொண்டிருந்த காலத்தில் அங்கிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலும் மணலும் இந்தத் தாழ்வில் படிந்தன. தாழ்வு தொடர்ந்து அமிழ்ந்தது, வண்டலும் தொடர்ந்து நிரம்பியது. காலம் விட்டுப்போகாமல் அடுக்கடுக்காக எழுதப்பட்ட பதிவு வேண்டும் என்றால் இப்படிப்பட்ட இடம்தான் வேண்டும். இந்த வடிநிலம் தாவர எச்சங்களுக்கு ஏற்கெனவே பெயர்பெற்றது. 1994இல் காசில் ராக் என்ற ஊரருகே, நெடுஞ்சாலை ஓரத்தில், பேலியோசீன் காலத்து மழைக்காட்டின் இலைகள் விழுந்த இடத்திலேயே குவியலாகக் கிடைத்தன.

இன்று அந்த நிலத்தைப் பார்ப்பவருக்கு மழைக்காடோ ஆறோ நினைவுக்கு வராது. புல்வெளியின் விளிம்பு திடீரென்று உடைந்து, மஞ்சளும் சாம்பலுமான மேடுகளாகவும் குறுகிய ஓடைப் பள்ளங்களாகவும் இறங்குகிறது. டைனோசர் எலும்பு கிடைக்கும் அடுக்குகள் கீழே. மேலே ஏற ஏற அவை நின்றுவிடுகின்றன. அங்கே பாலூட்டி எச்சங்கள் கிடைக்கும் என்பதும் முன்பே தெரியும், ஆனால் கிடைத்தவை சொற்பம்.

டென்வர் இயற்கை மற்றும் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த முதுகெலும்பி ஆய்வாளரும் தாவர எச்ச ஆய்வாளரும் இங்கே இணைந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். முன்னவர் வடக்கு டகோட்டாவில், டைனோசர் எலும்புகளுக்குப் பெயர்பெற்ற ஹெல் கிரீக் அடுக்குகள் வெளித்தெரியும் பகுதியில், சிறுவயது முதலே எலும்பு பொறுக்கி வளர்ந்தவர், ஆமைகளில் தேர்ந்தவர். அங்கே தேடும் விதம் எல்லோருக்கும் பழக்கமானது: தலையைக் குனிந்து நடப்பது, மண்ணின் நிறத்தோடு ஒட்டாத கருமையையோ பழுப்பையோ பளபளப்பையோ கண்ணால் துழாவுவது, ஒரு சில்லு கிடைத்தால் அது உருண்டுவந்த சரிவில் மேல்நோக்கிப் போய் மூலத்தைத் தேடுவது. இந்தக் கண்ணோடுதான் கொரால் பிளஃப்ஸிலும் நடந்தார்கள். ஆமை ஓட்டின் துண்டுகளும் முதலை எச்சங்களும் கிடைத்தன. பாலூட்டி கிட்டத்தட்ட இல்லை.

இந்தக் கட்டத்தில் எடுக்கக்கூடிய இயல்பான முடிவு, ‘இந்த அடுக்குகளில் பாலூட்டி எச்சம் தங்கவில்லை’ என்று எழுதிவிட்டு வேறு வடிநிலத்துக்குப் போவது. அப்படி எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆதாரம் இல்லாததும் ஆதாரத்தைக் காணத் தெரியாததும் களக்குறிப்பேட்டில் ஒரே மாதிரிதான் பதிவாகும்.

இழுப்பறையில் இருந்த கல்

திருப்பம் களத்தில் நேரவில்லை. அருங்காட்சியகத்தின் சேகரிப்பு இழுப்பறை ஒன்றில், இதே நிலத்திலிருந்து ஒரு தன்னார்வலர் எடுத்துவந்து சேர்த்த பாலூட்டித் தாடை ஒன்று இருந்தது. முதுகெலும்பி ஆய்வாளர் அதை எடுத்துப் பார்த்தபோது அவர் கவனத்தை ஈர்த்தது தாடையைவிட அதைப் பிடித்துக்கொண்டிருந்த கல்தான். வெளிறிய, சொரசொரப்பான, அழகென்று எதுவும் சொல்ல முடியாத ஒரு கல். எலும்பு மண்ணில் கிடக்கவில்லை, கல்லுக்குள் இருந்தது.

அவருக்கு இது முற்றிலும் புதியதல்ல. தென்னாப்பிரிக்காவின் கரூ வடிநிலத்தில், இதைவிடப் பெரிய, இதைவிடப் பழைய ஒரு பேரழிவின் எல்லையை ஆராய்கிறவர்கள் பாலூட்டிகளின் தொலைதூர முன்னோடிகளை உருண்டைக் கற்களை உடைத்துத்தான் எடுக்கிறார்கள். அங்கே வேலை செய்தபோது அந்த முறையை அவர் பார்த்திருந்தார். கரூவில் செய்வதைக் கொலராடோவிலும் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் இழுப்பறைக்கு முன் நின்றபோது வந்தது.

அந்தத் தாடையை எடுத்துவந்த தன்னார்வலரைப் பற்றி ஒரு சொல். அவர் கல்லைக் கழித்துவிட்டு எலும்பை மட்டும் கொண்டுவந்திருந்தாலும், சேகரிப்பில் சேர்க்கும்போது யாராவது சுத்தம் செய்து எலும்பை மட்டும் வைத்திருந்தாலும் இந்தத் தொடர்பு அறுந்துபோயிருக்கும். ஓர் எச்சத்தோடு ஒட்டிய ‘குப்பை’யைக் காப்பதற்கு இதைவிட வலுவான நியாயம் வேண்டியதில்லை.

2016: முதல் கல் உடைந்தபோது

உருண்டைக் கல் என்று இங்கே சொல்லப்படுவது புவியியலாளர்கள் கான்கிரீஷன் என்று குறிப்பிடும் கனிமத் திரட்சி. வண்டலுக்குள் புதைந்த ஒரு பொருளை மையமாகக் கொண்டு, நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கனிமம் படிப்படியாகப் படிந்து, சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து இறுக்கிவிடும். சுற்றிலும் உள்ள வண்டல் பாரத்தால் நசுங்கும்போதும் இந்த உருண்டை நசுங்காது. அதனால் உள்ளே இருப்பது தன் உருவத்தைக் காத்துக்கொள்ளும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அறிமுகமான பொருளே. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் வெளிப்பட்டு, டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவிய உருண்டைகள் இவ்வகைத் திரட்சிகள்தாம். அங்கே ஒன்றும் இல்லாத கல்லை முட்டை என்றார்கள். கொலராடோவில் மண்டையோடு இருந்த கல்லைக் கல் என்று தாண்டிப் போனார்கள்.

2016இல் ஆய்வாளர் எலும்பைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கல்லைத் தேடத் தொடங்கினார். சரிவில் கிடந்த வெளிறிய உருண்டைகளில் ஒன்றை எடுத்துச் சுத்தியலால் பிளந்தார். பிளந்த முகத்தில் ஒரு பாலூட்டி மண்டையோட்டின் குறுக்குவெட்டு தெரிந்தது, பற்களோடு. நிமிர்ந்து பார்த்தால் சரிவு முழுக்க அதே போன்ற கற்கள். சில நிமிடங்களுக்குள் நான்கைந்து மண்டையோடுகள் கிடைத்தன. இந்தக் காலத்து அடுக்கு எதிலும் ஒரு முழு மண்டையோடு கிடைப்பதே ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் பேறாகக் கருதப்பட்டு வந்த நிலையில் இந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும்.

உடைந்த கல்லைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது மண்டையோடு அல்ல. சாம்பல் நிற உட்புறத்தில் ஒரு மெல்லிய கரும்பழுப்புக் கோடு வளைந்து போகும். அதுதான் எலும்பின் சுவர். கோட்டின் ஓரத்தில் வரிசையாக, சற்றே மினுக்கத்தோடு, கறுத்த சிறு வட்டங்கள் தெரிந்தால் அவை குறுக்கே அறுபட்ட பற்கள். எனாமல் மட்டும் மண்ணின் மங்கலோடு சேராமல் தனித்து மின்னும். கண் இதற்குப் பழகியபின் எது வெறுங்கல், எது நிறைகல் என்று உடைத்த கணத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் உடைப்பதற்கு முன் வெளியிலிருந்து பெரும்பாலும் தெரியாது. இதுவே இந்த முறையின் சிக்கலும்கூட.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, தேடலின் இலக்கை முழுமையாக மாற்றியது. தன்னார்வலர்களுக்கும் களத்தில் சேர்ந்த உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் எலும்பைக் கண்டுபிடிக்கக் கற்பிப்பதற்குப் பதில் கல்லைப் பார்க்கக் கற்பிக்க வேண்டியிருந்தது. இது எளிதாகவும் இருந்தது என்று நினைக்கிறேன். எலும்பு பார்க்கும் கண் பல ஆண்டுப் பயிற்சியில் வருவது. வெளிறிய உருண்டையை ஒரே நாளில் அடையாளம் காணலாம். முன்பயிற்சி இல்லாதவர்களிடம் அழிக்க வேண்டிய பழக்கமும் இல்லை.

இரண்டாவது முடிவு என் பார்வையில் மிக முக்கியமானது. மண்டையோடுகளை மட்டும் அள்ளிக்கொண்டு போய் விவரித்து வெளியிட்டிருந்தாலே பெரும் பெயர் கிடைத்திருக்கும். குழு அப்படிச் செய்யவில்லை. ஒவ்வோர் எச்சமும் அடுக்கின் எந்த உயரத்திலிருந்து வந்தது என்பதை நிர்ணயித்து, அதே அடுக்குகளிலிருந்து இலைகளையும் மகரந்தத்தையும் எடுத்து, அடுக்குகளுக்குக் காலம் கணித்து, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. காரணம், அதுவரை இந்தக் காலத்தைப் பற்றி இருந்த அறிவு ஒட்டுப்போட்டது: ஓர் இடத்தின் பற்கள், இன்னோர் இடத்தின் இலைகள், கடலடி மண்ணிலிருந்து பெற்ற வெப்பக் கணக்கு. விலங்கு பெருத்தபோது காடு எப்படி இருந்தது என்று கேட்டால் இந்த ஒட்டுத்துணியில் விடை இல்லை. விலங்கும் இலையும் ஒரே சரிவில் கிடைக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது.

மூன்றாவது முடிவு, வெளியீட்டைத் தள்ளிவைத்தது. முதல் மண்டையோடு கிடைத்தது 2016இல். ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது 2019 அக்டோபரில். நிலத்தின் பாதுகாப்பு கருதினாலும் இது புத்திசாலித்தனமான முடிவு. சுத்தியல் இருந்தால் எவரும் உடைக்கக்கூடிய கற்கள் நகரத்தின் வாசலில் கிடக்கின்றன. நகருக்குச் சொந்தமான பகுதியில் வழிகாட்டியோடு மட்டுமே நடக்கலாம் என்றிருந்ததும் இந்த வகையில் உதவியது.

ஆய்வகத்தில் ஒவ்வொரு கல்லையும் காற்றழுத்தத்தால் இயங்கும் சிறு உளியால், நுண்ணோக்கியின் கீழ், மணல் மணலாக நீக்கவேண்டும். ஒரு மண்டையோட்டுக்கே மாதக்கணக்கில் ஆகலாம். சில மண்டையோடுகள் சி.டி. ஸ்கேனுக்கும் அனுப்பப்பட்டன, மூளை இருந்த குழியை எலும்பை உடைக்காமல் பார்க்க வேறு வழியில்லை.

காலத்தை அளந்த விதம்

எல்லை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மகரந்தம் காட்டியது. டைனோசர் காலத்துத் தாவரங்களின் மகரந்த வகைகள் ஒரு மட்டத்தோடு நின்றுபோகின்றன. அதற்கு உடனடியாக மேலே பெரணிகளின் வித்துத்தூள் பெருகுகிறது. எரிந்து கருகிய நிலத்தில் முதலில் முளைப்பவை பெரணிகள் என்பதால் உலகின் பல இடங்களிலும் எல்லை இப்படித்தான் அடையாளம் காணப்படுகிறது. இந்த வேலைக்காக எண்ணப்பட்ட மகரந்தத் துகள்கள் ஏறக்குறைய 37,000.

அடுத்து பாறையின் காந்தத்தன்மை. புவியின் காந்தப்புலம் அவ்வப்போது திசை மாறும். படியும் வண்டலில் உள்ள இரும்புத் துகள்கள் அந்தந்தக் காலத்துத் திசையைப் பதிந்து வைத்திருக்கும். விண்கல் மோதியது புலம் தலைகீழாக இருந்த ஒரு காலப்பகுதியில். அது மீண்டும் நேரானது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகளுக்குப் பின். ஆகவே அந்தத் திருப்பம் எந்த உயரத்தில் பதிந்திருக்கிறது என்று கண்டால் அடுக்கில் ஒரு கடிகாரப் புள்ளி கிடைத்துவிடும். இதனோடு எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்பதை வைத்துப் போட்ட வயதுக் கணக்கும் சேர்ந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றதால்தான் பின்வரும் வரிசையை லட்சம் ஆண்டு என்ற நுணுக்கத்தில் சொல்ல முடிந்தது.

வெப்பநிலையை இலைகள் கொடுத்தன. ஒரு காட்டின் அகன்ற இலை மரங்களில் எத்தனை வகைகளின் இலை விளிம்பு மாவிலை, ஆலிலை போல வெட்டின்றி வழவழப்பாக இருக்கிறது, எத்தனை வகைகளில் வேப்பிலை போலப் பல்பல்லாக இருக்கிறது என்று எண்ணினால் ஆண்டுச் சராசரி வெப்பத்தை மதிப்பிடலாம். வெப்பம் கூடக்கூட வழவழப்பான விளிம்புள்ள வகைகளின் பங்கு கூடும். தனி ஓர் இலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 6,000க்கும் மேற்பட்ட இலைகளைச் சேகரித்ததன் காரணம் இதுவே.

கிடைத்த வரிசை

அழிவுக்கு முன் இப்பகுதியில் இருந்த மிகப் பெரிய பாலூட்டிகள் 8 கிலோ அளவில் இருந்தன. அழிவைத் தாண்டியவற்றில் பெரியது அரைக் கிலோ, அதாவது ஒரு பெருச்சாளி. அந்த முதல் கட்டத்தில் நிலத்தில் பெரணிகள். அவற்றைத் தொடர்ந்து பனைக் குடும்பத்து மரங்கள் மேலோங்கிய, வகை குறைந்த காடு. ஆமைகளும் முதலைகளும் பெரும் இழப்பின்றித் தப்பின; ஓடையில் மட்கிச் சேரும் கழிவை அடிப்படையாகக் கொண்ட உணவு வலையில் வாழ்பவை, பச்சை இலை இல்லாத சில ஆண்டுகளையும் சமாளிக்க முடிந்திருக்கும் என்பது பொதுவான விளக்கம்.

முதல் லட்சம் ஆண்டுகளுக்குள் பாலூட்டி வகைகள் இரட்டிப்பாகின, பெரிய விலங்கின் எடை ஏறக்குறைய 6 கிலோவை எட்டியது. ராக்கூன் அளவுள்ள லாக்சோலோஃபஸ் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. அழிவுக்கு முந்தைய அளவு அநேகமாக மீண்டுவிட்டது. 3 லட்சம் ஆண்டு அளவில் எடை அழிவுக்கு முந்தையதைப்போல மூன்று மடங்காகி 25 கிலோவை நெருங்கியது. கார்சியோப்டிக்கஸ் என்ற விலங்கின் பருத்த, மடிப்புகள் கொண்ட முன்கடைவாய்ப் பற்கள் கடினமான எதையோ நொறுக்குவதற்கு ஏற்றவை. அதே கட்டத்தில் தாவர வகைகள் பெருகுகின்றன. அக்ரூட் குடும்பத்து மகரந்தம் பல வகைகளாகப் பிரிகிறது. கொட்டையும் கொட்டையை நொறுக்கும் பல்லும் ஒரே சமயத்தில் வருகின்றன.

7 லட்சம் ஆண்டு அளவில் 50 கிலோவை நெருங்கும் விலங்குகள் வந்துவிட்டன. ஒன்று இயோகொனோடான். இன்னொன்று டேனியோலாபிஸ், இது டைனோசர் காலத்திலிருந்தே இருந்துவந்த, இன்று வழித்தோன்றல் எதுவும் இல்லாத மல்டிட்யூபர்குலேட் என்ற பிரிவைச் சேர்ந்தது. தொடக்கத்தில் இருந்த அரைக் கிலோவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறு மடங்கு. அதே மட்டத்தில் அவரைக் குடும்பத்தின் காய் நெற்றுகளும் முதன்முதலாகத் தென்படுகின்றன. புரதம் மிகுந்த விதைகள் கொண்ட இக்குடும்பத்தின் மிகப் பழைய எச்சங்களுள் இவை அடங்கும்.

மொத்தம் 16 வகைப் பாலூட்டிகள் அந்த முதல் கட்டுரையில் இடம்பெற்றன. விலங்கிலும் தாவரத்திலும் தெரிந்த இந்தத் தாவல்கள், இலைகள் காட்டிய வெப்பமேறிய இடைவெளிகளோடு ஒத்துப்போயின. மேற்கு இந்தியாவின் தக்காண எரிமலைக் குழம்பு எல்லைக்கு முன்பே தொடங்கி அதற்குப் பிறகும் பல லட்சம் ஆண்டுகள் வழிந்துகொண்டிருந்ததால், அதன் வாயுக்களுக்கு இந்த வெப்பமேற்றத்தில் பங்கு உண்டா என்பது இயல்பாக எழும் கேள்வி.

எழும் ஐயங்கள்

வரிசை நேர்த்தியாக இருக்கிறது. அதனால்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். கொட்டை வந்தது, விலங்கு பெருத்தது; அவரை வந்தது, இன்னும் பெருத்தது என்று சொன்னால் உணவுதான் காரணம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். கட்டுரையின் சொற்கள் அவ்வளவு தூரம் போகவில்லை; ஒரே சமயத்தில் நடந்தன, தட்பவெப்பத்துக்குப் பங்கிருந்திருக்கலாம் என்ற அளவில் நிற்கின்றன. பொதுமக்களுக்கான செய்திகளில் இந்த நிதானம் கரைந்துவிட்டது என்பது என் எண்ணம். இரண்டும் வெப்பத்தின் விளைவாக இருக்கலாம். இரண்டும் வேறொரு நிலப்பகுதியிலிருந்து இங்கே பரவியிருக்கவும் கூடும். ஒரு வடிநிலத்தின் பதிவில் ‘தோன்றியது’ என்பதற்கும் ‘வந்து சேர்ந்தது’ என்பதற்கும் வேறுபாடு தெரியாது.

இரண்டாவது ஐயம் முறையைப் பற்றியது. உருண்டைக் கல்லை நம்பித் தேடினால் கல்லுக்குள் அடங்கும் அளவுள்ள, கல் உருவாகத் தூண்டக்கூடிய எச்சங்களே கிடைக்கும். விரல் நீள விலங்கின் பல் சரிவில் கிடந்தாலும் அது கண்ணில் படாது. சல்லடை முறை பெரியவற்றைத் தவறவிட்டது போல இந்த முறை மிகச் சிறியவற்றைத் தவறவிடும். பழைய முறையின் குருட்டுப்பகுதி தெரிந்துவிட்ட உற்சாகத்தில் புதிய முறைக்கும் ஒன்று இருப்பது எளிதில் மறந்துபோகும்.

பின்னர் நடந்தவையும் மாற்றிச் செய்யக்கூடியவையும்

2022இல் மூளைக்குழி ஸ்கேன்களை அடிப்படையாகக் கொண்ட இன்னோர் ஆய்வு ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கொரால் பிளஃப்ஸ், சான் ஹுவான் ஆகிய இடங்களின் பேலியோசீன் மண்டையோடுகளும் அதில் பயன்பட்டன. முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு எதிராக இருந்தது. உடல் பெருத்த வேகத்தில் மூளை பெருக்கவில்லை. உடலோடு ஒப்பிட்ட மூளையின் அளவு பேலியோசீனில் உண்மையில் குறைந்தது. மூளை வளர்ந்தது பின்னால், பேலியோசீனுக்கு அடுத்து வந்த இயோசீன் காலத்தில். அறிவால் பாலூட்டிகள் உலகைப் பிடித்தன என்ற பழைய கூற்றுக்குப் பற்களை மட்டும் வைத்துப் பதில் சொல்லியிருக்கவே முடியாது. முழு மண்டையோடுகள் கிடைத்ததால்தான் சொல்ல முடிந்தது.

இதே தேடலை இன்று தொடங்குவதாக இருந்தால் எதை மாற்றலாம்? முதலாவதாக, களத்துக்குப் போகுமுன் சேகரிப்பு அறைக்குப் போகலாம். அந்த நிலத்திலிருந்து வந்த ஒவ்வொரு மாதிரியும் எத்தகைய கல்லில் இருந்தது என்று பட்டியலிட ஒரு வாரம்கூட ஆகாது, அது வெறுங்கையோடு கழிந்த பருவங்களை மிச்சப்படுத்தியிருக்கும். இரண்டாவதாக, ஒரே அடுக்கில் கற்களை உடைப்பதோடு மண்ணையும் சலிக்க வேண்டும், அப்போதுதான் 50 கிலோ விலங்கும் 50 கிராம் விலங்கும் ஒரே கணக்கில் வரும். மூன்றாவதாக, கற்களில் ஒரு பங்கை உடைக்காமலே எடுத்துவந்து ஸ்கேன் செய்யும் வழியை முயன்று பார்க்கலாம். செலவு அதிகம், எல்லாக் கல்லுக்கும் கட்டுப்படியாகாது, ஆனால் சுத்தியல் பிளக்கும் கோடு பல் வரிசையின் நடுவே போய்விட்டால் அதைத் திருப்பிச் சரிசெய்வது பெரும்பாடு. நான்காவதாக, வேறொரு வடிநிலத்தில் இதே காலத்து அடுக்குகளில் உருண்டைக் கற்கள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கொட்டைக்கும் பல்லுக்கும் உள்ள உறவு அங்கேயும் அதே வரிசையில் வந்தால்தான் அது உறவு. அரியலூர் மாவட்டத்து நின்னியூர் சுண்ணாம்புப் படிவுகள் பேலியோசீனின் தொடக்கத்தைச் சேர்ந்தவையே என்றாலும் அவை கடலில் படிந்தவை என்பதால் இந்தக் கேள்விக்குப் பயன்படா.

சிறிய விலங்குகளின் பக்கம் பதிவு நிரம்பத் தொடங்கியிருக்கிறது. எல்லைக்கு ஏறக்குறைய 6 லட்சம் ஆண்டுகளுக்குப் பின் இங்கே வாழ்ந்த, அரைக் கிலோவுக்கும் குறைவான எடையுள்ள ஒரு பாலூட்டியின் மண்டையோடும் தாடைகளும் ஆராயப்பட்டு, 2024இல் அது புதிய பேரினமாக விவரிக்கப்பட்டது. அந்தப் பேரினப் பெயரின் முற்பகுதி, இந்த நிலத்தின் எச்சங்கள் வெளிச்சத்துக்கு வர உதவிய, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான ஒரு தன்னார்வலரின் குடும்பப் பெயர்.